நாற்பதாவது உள்ளான்

காணாமல் போனவருக்கு எடை அறுபது கிராம். இறந்து எழுபது வருடம் ஆகிறது. வயிற்றில் பஞ்சு, கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு, காலில் நூலால் கட்டிய இரண்டு சீட்டுகள். கடைசியாகப் பார்க்கப்பட்டது நேற்று மதியம் இரண்டு மணிக்கு, அருங்காட்சியகத்தின் மாடியில், பதினேழாம் அலமாரியின் மூன்றாம் இழுப்பறையில், மல்லாந்து படுத்த நிலையில்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டான் ரேடியோ.

ரேடியோவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட யாருக்கும் இடைவெளி கிடைத்ததில்லை. முப்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, வாய் மூடாத வரம். துப்பறியும் நிறுவனத்தை நடத்தும் அண்ணிக்கு அவன் கொழுந்தன். நிறுவனத்தின் ஒரே ஊழியனும் அவன்தான். வேலைக்குச் சேர்த்ததாக அண்ணி ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டு சோபாவிலிருந்து கிளப்ப வேறு வழி தெரியவில்லை என்றுதான் சொல்லுவாள்.

பறவை அறையில் அவர்கள் எதிரே நின்றவர் அதன் காப்பாளர். பத்தொன்பது வருடமாக நாலாயிரத்து இருநூறு செத்த பறவைகளுக்குப் பாச்சை உருண்டை வைத்து வருபவர். காலை பத்து மணிக்கு இழுப்பறையைத் திறந்திருக்கிறார், பறவை இல்லை. பத்தேகாலுக்கு இயக்குநர் எல்லார் முன்னாலும் அவரைத் திருடி என்று சொல்லிவிட்டார். பத்தரைக்குப் பணிநீக்க உத்தரவு தட்டச்சாகி வந்துவிட்டது, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. அந்த அலுவலகத்தில் எந்தக் காகிதமும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை என்று அவரே சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது.

மாலை நான்கு மணிக்கு வகைப்பாட்டுக் குழு கூடுகிறது. அதற்குள் பறவை மேசைக்கு வராவிட்டால் ஐந்து மணிக்குக் கையெழுத்து.

"ஒரு பறவைக்கா இவ்வளவு?" என்றாள் அண்ணி.

காப்பாளர் இரண்டு படங்களை எடுத்து வைத்தார். இரண்டும் உள்ளான். சேற்றில் நீளமான அலகைக் குத்திப் புழு தேடும் சின்னப் பறவை. ஒன்று வெண்புருவ உள்ளான், மற்றது செம்புருவ உள்ளான். ஒரே குடும்பம், ஒரே பேரினம், இனம் மட்டும் வேறு என்று விளக்கினார். ரேடியோ அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டான்: வீட்டுப் பெயர் ஒன்று, சமையல் தனித்தனி.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அண்ணி கேட்டாள். புருவத்தில் என்றார் காப்பாளர். ஒன்றுக்கு வெள்ளைக் கோடு, மற்றதற்குச் செங்கோடு. வாலில் இன்னொன்று: வெண்புருவத்துக்குப் பன்னிரண்டு இறகு, செம்புருவத்துக்குப் பதினான்கு. வயிற்றுப் பக்கம் பார்த்தால் பெற்ற தாய்க்கே குழப்பம் வரும்.

வெண்புருவம் எந்தக் குட்டையிலும் கிடைக்கும். உலகப் பட்டியலில் அதற்கு நேராக 'கவலைக்கு இடமில்லை' என்று போட்டிருக்கிறது. செம்புருவம் மிச்சம் இருப்பது ஊருக்கு வெளியே உள்ள ஒரே ஏரியில், அறுபதோ எழுபதோ. அதற்கு நேராக 'அழியும் ஆபத்து'.

"நான் எந்தப் பட்டியல்ல வருவேன் அண்ணி?"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதான் இருக்கே. கவலைக்கு இடமில்லை."

அந்த ஏரியை மூடி எட்டு மாடி வாகன நிறுத்தம் கட்ட ஓர் ஒப்பந்தக்காரர் காத்திருந்தார். இரண்டும் தனித்தனி இனம் என்றால் ஏரியில் ஒரு கூடை மண்கூடக் கொட்ட முடியாது. ஒரே இனம் என்றால் அத்தனை பறவைகளும் ஒரே நாளில் கவலைக்கு இடமில்லாதவை ஆகிவிடும், ஒரு கல்லை எறியாமலே. காணாமல் போனது செம்புருவம். உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் அதன் பாடம் செய்த உடல் வேறு கிடையாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து முடிவு சொல்லப் போகிறது குழு.

நேற்று அறைக்கு வந்தவர்கள் யார் யார் என்று கேட்டாள் அண்ணி. காப்பாளரைத் தவிர இரண்டு பேர். மூன்று மணிக்கு அந்த ஒப்பந்தக்காரர், இயக்குநரின் சிபாரிசோடு, 'சும்மா பார்க்க'. இன்னொருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், குழுவின் நிபுணர். அவர் செவ்வாய்தோறும் வருவார், ஐந்து மணி வரை இருப்பார். முப்பது வருடத்துக்கு முன்பே இரண்டும் ஒன்றுதான் என்று புத்தகம் எழுதியவர். சிவப்பு என்பது ஏரிச் சேற்றின் துருக்கறை என்பது அவர் கட்சி. போன வருடம் காப்பாளர் வால் இறகை எண்ணிக் கட்டுரை எழுதியதிலிருந்து அவர் இவரிடம் பேசுவதில்லை. குறிப்புச் சீட்டில் எழுதித்தான் பறவை கேட்பார். செம்புருவம் என்ற வார்த்தை அவர் வாயில் முப்பது வருடமாக வந்ததில்லையாம். 'அந்தக் கறை படிந்த பறவை' என்றுதான் சொல்வாராம்.

"சேறு நிறத்தை மாத்தும் மேடம், இறகை முளைக்க வைக்காது," என்றார் காப்பாளர். அந்த ஒரு வரியில் மட்டும் அவர் குரல் நடுங்கவில்லை.

கட்டடத்தை விட்டுப் பறவை வெளியே போயிருக்க முடியாது. வாசல் காவலாளி இயக்குநரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையே திறந்து பார்க்கிறவர். உள்ளே எல்லாம் தேடியாகிவிட்டது: கழிப்பறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி. பறவை அறையிலும் ஒவ்வோர் இழுப்பறையாக எண்ணியாகிவிட்டது. காணாமல் போன அந்த ஒன்றைத் தவிர, பதிவேட்டோடு எண்ணிக்கை சரியாக இருந்தது.

அண்ணி வெறும் இழுப்பறையைக் குனிந்து பார்த்தாள். பறவைக்கு அடியில் விரித்திருந்த துணி நான்காக மடித்து ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பாச்சை உருண்டைப் பொட்டலம் அதன்மேல் நேராக உட்கார்ந்திருந்தது.

"மரியாதை தெரிஞ்ச திருடன்," என்றாள்.

"கொஞ்சம் நேரம் இருந்தா பெருக்கிட்டும் போயிருப்பான்," என்றான் ரேடியோ. அவனுக்கு வழக்கு முடிந்துவிட்டது. ஏரி யாருக்கு வேண்டுமோ அவர்தான் திருடர். ஒப்பந்தக்காரரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போகலாம்.

ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வாகன நிறுத்தம் ஏற்கெனவே கட்டி முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எட்டு மாடி, சின்னச் சின்னக் கார்கள், நுழைவாயிலில் பிளாஸ்டிக் மரம். மரத்தில் பிளாஸ்டிக் பறவை. இயற்கையை மதிக்கிறவர் தாம் என்பதற்கு அதையே சாட்சியாகக் காட்டினார் அவர். எத்தனை பறவை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு வைத்திருக்கிறோம் என்றார்.

பறவை காணாமல் போன செய்தி அவருக்கு நிஜமாகவே புதிதாக இருந்தது. முகம் விழுந்துவிட்டது. அது இருந்தால்தான் குழு முடிவு சொல்லும், அதனால் அவருக்கு அது வேண்டுமாம். குழுவிடம் காட்டி, அபூர்வம் என்று சொன்னவர்களின் மானத்தை வாங்க ஆதாரமும் வைத்திருக்கிறாராம்.

"அபூர்வம் அபூர்வம்னு உயிரை வாங்கினாங்களே, நேத்து நேர்ல போய்ப் பார்த்துட்டேன் மேடம். ஒரே டிராயர்ல வரிசை வரிசையா கிடக்கு. இதா அபூர்வம்?"

கைப்பேசியை நீட்டினார். திறந்த இழுப்பறைக்கு மேலே கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார் அவர். கீழே மல்லாந்து கிடந்தது உள்ளான் கூட்டம். அவர் படம் எடுத்தது பக்கத்து இழுப்பறை, வெண்புருவத்தினுடையது. தன் எதிரி யார் என்றே தெரியாமல் எதிரியின் ஒன்றுவிட்ட சகோதரர்களோடு படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ரேடியோவுக்குப் பரிதாபமாக இருந்தது. ஆள் கோழியையும் கொக்கையும் பிரித்துச் சொல்வாரா என்பதே சந்தேகம். நாலாயிரம் பறவைக்கு நடுவில் சரியான ஒன்றை எப்படித் திருடுவார்?

அண்ணி அந்தப் படத்தை அனுப்பச் சொன்னாள். அவர் பெருமையோடு அனுப்பினார்.

திரும்பும் வழியில் அண்ணி பேசவில்லை. வண்டியில் அவள் பேசாமல் வந்தால் ஏதோ கையில் சிக்கியிருக்கிறது என்று ரேடியோவுக்குத் தெரியும். அவளிடமிருந்து கைப்பேசி அவனிடம் வந்தது.

"எண்ணு."

ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு. ரேடியோ எண்ணினான். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினான். முப்பத்தொன்பது. மூன்றாம் முறை முப்பத்தெட்டு வந்தது. அது அவனுடைய விரல் மறைத்ததால் என்று அண்ணி சொன்னாள். கடைசி வரிசையில் மூன்றாவது இடம் காலி. அங்கே வெறும் வெள்ளைத் தாள் தெரிந்தது. படத்தின் மூலையில் நேரம்: மாலை மூன்று பத்து.

காப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். காலையில் அந்த இழுப்பறையில் எத்தனை எண்ணினீர்கள்? நாற்பது. பதிவேட்டில்? நாற்பது.

"நேத்து சாயங்காலம் முப்பத்தொன்பது, இன்னைக்குக் காலைல நாற்பது," என்றான் ரேடியோ. "செத்து எழுபது வருஷம் கழிச்சுக் குஞ்சு பொரிச்சிருக்கு அண்ணி. வகைப்பாட்டுக் குழுவை விடுங்க, இதுக்கு ஆஸ்பத்திரியைக் கூப்பிடணும்."

அண்ணி நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். நேற்று அந்த இழுப்பறையிலிருந்து யாராவது ஒன்றை எடுத்தார்களா என்று கேட்டாள். இயக்குநர் கலகலவென்று சிரித்தார். அவரே எடுத்துவரச் சொன்னாராம், நாலு மணி ஒப்பீட்டுக்கு. மேசை ஓரத்து அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு வெண்புருவம், சமர்த்தாக. நேற்று மதியம் காப்பாளர் சாப்பிடப் போயிருந்தபோது பியூன் கொண்டுவந்து வைத்ததாம்.

பறவை அறையிலிருந்து எது வெளியே போனாலும் எடுப்புச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு இழுப்பறையில் வைக்க வேண்டும் என்பது விதி. அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டச் சொன்னவர் இயக்குநர்.

"சீட்டு எழுதினீங்களா சார்?"

"நானா?" என்றார் இயக்குநர். மூச்சு விட அனுமதிச் சீட்டு கேட்டதுபோல அண்ணியைப் பார்த்தார்.

மாடிப்படி ஏறும்போதே ரேடியோவுக்கும் புரிந்துவிட்டது. மதியம் ஒன்று வெளியே போனது. மாலை மூன்று பத்துக்கு முப்பத்தொன்பது. அதற்குப் பிறகு யாரோ அந்தக் காலி இடத்தில் ஒன்றைப் படுக்க வைத்திருக்கிறார்கள். காலையில் எண்ணியபோது நாற்பது, பதிவேட்டிலும் நாற்பது. எண் சரியாக இருந்ததால் ஒருவரும் பறவையைப் பார்க்கவில்லை.

காப்பாளர் இதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திருடி என்று சொன்னபோது வராத அவமானம் அப்போது அவர் முகத்தில் வந்தது. பத்தொன்பது வருடத்தில் எண்ணிக்கை சரியாக இருந்த ஓர் இழுப்பறையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை என்றார்.

கடைசி வரிசை, மூன்றாவது. வயிற்றுப் பக்கம் மற்ற முப்பத்தொன்பதும் எப்படியோ அப்படியே இருந்தது. காப்பாளர் இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பினார். கண்ணுக்கு மேலே ஒரு கோடு, தேநீர் சிந்திக் காய்ந்த நிறத்தில். அதன் தலையை ஒரு விரலால் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், கண் நிறைந்துவிட்டது. ரேடியோ கிண்டல் ஒன்று தயாராக வைத்திருந்தான். விழுங்கிவிட்டான்.

அண்ணி பறவையின் கால் சீட்டுகளைப் படித்தாள். ஒருமுறை சிரித்தாள். ரேடியோ எட்டிப் பார்ப்பதற்குள் அவனுடைய காலி டிபன் பாக்ஸை வாங்கித் தன் கைக்குட்டையை விரித்து அதில் பறவையை வைத்து மூடி, அவன் கையிலேயே கொடுத்தாள்.

"திறக்காதே. சாப்பிடவும் செய்யாதே."

பிறகு காப்பாளரிடம் சாதாரண வெண்புருவம் ஒன்று கேட்டாள். அந்த நிலைமையிலும் காப்பாளர் இரண்டுக்கும் எடுப்புச் சீட்டு எழுதி அண்ணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

நான்கு மணி. நீள மேசையைச் சுற்றிக் குழு உறுப்பினர்கள் நான்கு பேர், தலைமையில் இயக்குநர், அவர் முன்னால் மூடி வைத்த ஒரு கோப்பு. அதற்குள் இருந்த பணிநீக்க உத்தரவைக் காப்பாளர் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் இஸ்திரி கலையாத சட்டையும் கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக ஜன்னலோரம். ஒப்பந்தக்காரர் கைப்பேசியைத் தடவியபடி மூலையில்.

காணாமல் போன பறவை கிடைத்துவிட்டது என்றாள் அண்ணி. பேராசிரியர் தலை நிமிர்ந்தார். அண்ணி ஓர் உள்ளானை எடுத்து இயக்குநரின் உள்ளானுக்குப் பக்கத்தில் வைத்தாள். டிபன் பாக்ஸ் ரேடியோவின் மடியில் இருந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

உறுப்பினர்கள் குனிந்தார்கள். மேசையில் கிடந்தவை இரண்டும் வெண்புருவம். ஆனால் ஒன்று செம்புருவம் என்று சொல்லப்பட்டிருந்ததால் முதல் உறுப்பினருக்கு இலேசான சிவப்பு தெரிந்தது. இரண்டாமவருக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மூன்றாமவர் சிவப்பு இருக்கிறது, ஆனால் தனி இனம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றார். நாலாமவர் அதையே கொஞ்சம் நீளமாகச் சொன்னார். ஆக, பேராசிரியர் முப்பது வருடத்துக்கு முன்பே சொன்னதுதான் சரி, இரண்டும் ஒன்றுதான் என்று இயக்குநர் எழுதத் தொடங்கினார். நிபுணர் ஒரு வார்த்தை சொன்னால் முடித்துவிடலாம் என்றார்.

பேராசிரியர் ஜெயித்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும்.

அவர் ஆட்டவில்லை. மேசையருகே வந்து, கண்ணாடிகூடப் போடாமல், அண்ணி வைத்த பறவையைப் பார்த்தார். ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பி வந்தார். தப்பான பறவைமேல் தன் பெயரால் ஒரு தீர்ப்பு எழுதப்படுவதை அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை.

"யார் சொன்னது இதைச் செம்புருவம்னு? இது சாதாரண வெண்புருவம். செம்புருவத்துக்கும் வெண்புருவத்துக்கும் வித்தியாசம் தெரியாத நாலு பேரைக் குழுவுல போட்டா இப்படித்தான்."

அண்ணி அவசரப்படவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். முப்பது வருடம் சொல்லாத வார்த்தையை ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லிவிட்டது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அண்ணி கண்ணைக் காட்ட, ரேடியோ டிபன் பாக்ஸைத் திறந்தான். செம்புருவத்தின் காலில் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்று எழுபது வருடத்துக்கு முன் அதைப் பிடித்தவர் கட்டியது. இரண்டாவது காப்பாளர் போன வருடம் கட்டியது. மூன்றாவதில் மை இன்னும் புதிது. அண்ணி அதை உரக்கப் படித்தாள்: இது வெண்புருவ உள்ளானே, பரிசோதித்தவர் இன்னார். கீழே அழகான முழுக் கையெழுத்து, நேற்றைய தேதி.

ஒரு பறவையின் வகையை மாற்றிச் சொல்பவர் பழைய சீட்டுகளை விட்டுவிட்டுத் தன் பெயரும் தேதியும் போட்டுப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். பேராசிரியர் நாற்பது வருடம் தவறாமல் செய்தது. நேற்றும் தவறவில்லை.

"திருடிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போன ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்," என்று முணுமுணுத்தான் ரேடியோ.

"நான் எதையும் எடுத்துட்டுப் போகலை," என்றார் பேராசிரியர். குரல் இறங்கியிருந்தது. "அது இருக்க வேண்டிய டிராயர்ல வெச்சேன். இடம்கூட ஒண்ணு காலியா இருந்தது."

காலையிலிருந்து அந்த அம்மாளைத் திருடி என்று சொல்கிறார்களே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றாள் அண்ணி. பேராசிரியர் காப்பாளரைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினார்.

"நீங்க புரட்டிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

"பார்த்திருக்கணும் சார்," என்றார் காப்பாளர். "அது என் தப்பு."

பிறகு அவர் மேசைக்கு வந்து, செம்புருவத்தின் வாலை மெதுவாக விசிறிபோல் விரித்தார். பதினான்கு என்று அவர் சொல்லவில்லை. குழுவையே எண்ண வைத்தார். நால்வரும் எண்ணினார்கள். இந்தத் தடவை பார்த்து எண்ணினார்கள். இரண்டும் தனித்தனி இனம் என்று எழுதப்பட்டது. ஒப்பந்தக்காரர் தன் படத்தைக் காட்டவா வேண்டாமா என்று யோசித்து, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காப்பாளர் புதுச் சீட்டு ஒன்று எடுத்தார். செம்புருவ உள்ளான் என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டு, நான்காவதாகக் காலில் கட்டினார். தப்பான அந்த மூன்றாவது சீட்டை அறுத்துப் போட்டுவிடலாமே என்றார் இயக்குநர், தாராளமாக.

"எந்தச் சீட்டையும் எடுக்கக் கூடாது சார். கட்டினது கட்டினதுதான்."

பேராசிரியர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி யார் வந்து இந்தப் பறவையைத் திருப்பினாலும் அவர் கையெழுத்து அங்கே இருக்கும், அவர் போன பிறகும்.

கடைசியாகக் காப்பாளர் இன்னொரு காகிதத்தை இயக்குநர் முன்னால், அந்த மூடிய கோப்பின் மேலேயே வைத்தார். எடுப்புச் சீட்டு. வெண்புருவ உள்ளான் ஒன்று, எடுத்தவர் இயக்குநர், நேற்றைய தேதி. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

இயக்குநர் குழுவைப் பார்த்தார். குழு கூரையைப் பார்த்தது. அவர் காலையிலிருந்து மூடி கழற்றித் தயாராக வைத்திருந்த பேனாவை எடுத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டார்.